சேர்ந்தவர் எத்தனை? தேறியவர் எத்தனை?

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

ஆனி மாதம் பிறந்துவிட்டால் நம் வட்டாரத்துக் கடன் சங்கங்களில் நகைக் கடன் மேசையின் முன்னர் ஒரு தனிக் கூட்டம் சேர்வதைக் காணலாம். விதைக்கும் எருவிற்கும் கடன் கேட்டு வரும் கூட்டமன்று அது. மகனையோ மகளையோ கல்லூரியில் சேர்க்கும் பொருட்டுத் தோட்டையும் வளையலையும் துணியில் முடிந்து எடுத்து வரும் தாய்மார்களின் கூட்டம். நகையை எடை பார்க்கும் மதிப்பீட்டாளரிடம், "பையன் பி.காம். சேர்றானுங்க", "பாப்பாவுக்கு பி.எஸ்ஸி. கெடச்சிருக்குதுங்க" என்று அவர் கேளாமலே சொல்லுவர். சொல்லும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் பெருமிதத்தைக் கண்டவர் எவரும் கல்வியின்பால் நம் மக்களுக்கு ஆர்வமில்லை என்று கூறத் துணியார்.

மூன்று ஆண்டுகள் சென்றபின் அதே தாய்மார்களைச் சந்தித்து, "பையன் படிப்பை முடித்துவிட்டானா?" என்று வினவிப் பாருங்கள். பலர் மகிழ்ச்சியுடன் விடை கூறுவர். சிலர் பேச்சை மாற்றுவர். "அது பாதியிலேயே நின்னு போச்சுங்க" என்று குரல் தாழ்த்திச் சொல்வோரும் உண்டு. இந்தச் "சிலர்" எத்தனை பேர் என்று சங்கத்தில் எவரும் கணக்கு வைப்பதில்லை. ஊரிலும் எவரும் வைப்பதில்லை. சேர்ந்தவர் கணக்கு மட்டும் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வெளிவருகிறது.

வெள்ளகோவில் வட்டார விவசாயிகளுக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டுவதில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் கடைமடையில் வாழ்பவர்கள் அவர்கள். திருமூர்த்தி அணையில் இத்தனை கன அடி திறக்கப்பட்டது என்று செய்தி வரும். நம் கிளைக் கால்வாயின் கடைசி மதகில் எத்தனை அங்குலம் நீர் நின்றது என்பது வேறு செய்தி. முன்னதைப் படித்து எவரும் நாற்று விடுவதில்லை. ஆனால் பிள்ளைகளின் படிப்பு விஷயத்தில் மட்டும் தலைமதகின் கணக்கையே முழுக் கணக்காக எண்ணி அமைதி அடைந்து விடுகிறோம்.

தலைமதகின் கணக்கு பெருமைப்படத்தக்கதே. மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-ஆம் ஆண்டில் உயர்கல்வியில் சேர்ந்தோர் விகிதம் இந்தியா முழுவதற்கும் 28.4, தமிழ்நாட்டிற்கு 47. பெரிய மாநிலங்களில் இஃது உயர்ந்த நிலை. எனினும் இந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை உற்று நோக்க வேண்டும். உயர்கல்வியில் பெயர் பதிந்துள்ளோரின் தொகையை 18 முதல் 23 வயது வரையுள்ளோர் தொகையோடு ஒப்பிட்டுப் பெறும் எண் இது. பெயர் பதிந்தவர் வகுப்பில் இருக்கிறாரா, தேர்வு எழுதினாரா, பட்டம் பெற்றாரா என்பவற்றை இந்த எண் கூறாது.

இடையில் நிற்பதற்குப் பணமில்லாமையே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அது முழு உண்மையன்று. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பிற்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. தொழிற்படிப்புகளில் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010-லேயே வந்துவிட்டது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் "புதுமைப் பெண்" திட்டம் தொடங்கப்பெற்றது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த பெண்கள், மேற்படிப்பை முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் பெறும் ஏற்பாடு அது. 2024 ஆகஸ்டில் ஆண் மாணவர்க்கும் "தமிழ்ப் புதல்வன்" என்ற பெயரில் அதே உதவி கோவையில் தொடங்கி வைக்கப்பட்டது.

இவற்றுள் புதுமைப் பெண் திட்டத்தின் வரலாறு நம் கவனத்திற்குரியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் முன்னர் நடந்துவந்தது திருமண உதவித் திட்டம். தாலிக்குத் தங்கமும் ரொக்கமும் ஒரே தடவையில் வழங்கப்பட்டன. அதே அம்மையார் பெயரிலேயே அது மாதந்தோறும் வரும் கல்வி உதவியாக மாற்றப்பட்டது. ஒருமுறை கொடுத்து முடிப்பதற்கும், படிப்பைத் தொடரும் வரை மாதந்தோறும் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கடன் சங்கத்தில் பணியாற்றுவோர் நன்கறிவர். பின்னது ஒருவரைத் தொடர்ந்து வரச் செய்யும் ஏற்பாடு.

அப்படியிருந்தும் நிற்பவர் நிற்கின்றனர். ஏன்?

முதலாவது காரணம் முதற் பருவத்திலேயே இருக்கிறது. தமிழில் வணிகவியலும் கணக்குப் பதிவியலும் படித்துப் பிளஸ் 2-வில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர், கல்லூரியில் அதே பாடத்தை ஆங்கில நூலில் சந்திக்கிறார். பற்று, வரவு, பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் தெரிந்தவர்தாம். அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் தெரியாமையால் ஒன்றும் தெரியாதவர்போல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கணிப்பொறி அறிவியல் எடுத்தவர் நிலை இன்னும் கடினம். கார்த்திகையில் முதல் தேர்வு வருகிறது. இரண்டு தாள்கள் போகின்றன.

மாணவர் வழக்கில் இதற்கு "அரியர்" என்று பெயர். நம் பேரேடுகளில் "நிலுவை" என்று எழுதுவதும் இதே சொல்லைத்தான். இச்சொல் தமிழ்நாட்டில் எத்துணைப் பரவியிருக்கிறது என்பதை 2020-ஆம் ஆண்டில் அனைவரும் கண்டோம். கொரோனாக் காலத்தில், கட்டணம் செலுத்தியிருந்த நிலுவைத் தாள்களுக்குத் தேர்வின்றித் தேர்ச்சி என்று ஆகஸ்டில் அரசு அறிவித்ததும், முதலமைச்சரைப் புகழ்ந்து ஊர்தோறும் சுவரொட்டிகள் எழும்பின. பின்னர் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஆட்சேபித்து, வழக்கு உயர் நீதிமன்றம் சென்று, 2021-இல் தேர்வு நடத்த வேண்டியதாயிற்று. அச்சுவரொட்டிகளைப் பார்த்து அன்று நகைத்தவர் பலர். எனக்கு நகைப்பு வரவில்லை. மறைத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய நிலுவை வெளியே தெரிந்த நாள் அது.

நிலுவையைப் பற்றிச் சங்கத்தார்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தவணை தவறியவரை மறு மாதமே போய்ப் பார்த்தால், மாடு நோயுற்றது, கூலி வரவில்லை என்று காரணம் சொல்லி வழி கேட்பார். மூன்று தவணை தவறியவர் நம்மைக் கண்டதும் வேறு தெருவில் நடப்பார். ஐந்து தவறியவரைப் பார்க்க வேண்டுமானால் அறிவிப்போடு செல்ல வேண்டும். மாணவரும் இவ்வாறே. முதற் பருவத்தில் இரண்டு தாள் நின்றவர் வீட்டில் சொல்லக் கூசுகிறார். இரண்டாம் பருவத்தில் புதிய தாள்களோடு பழைய இரண்டும் சேர்கின்றன. கற்றுக்கொடுத்த ஆசிரியரின் எதிரில் நடக்க நாணி வகுப்பைத் தவிர்க்கிறார். வருகை நூற்றுக்கு 75-க்குக் கீழே இறங்குகிறது. அதற்கு ஓர் அபராதக் கட்டணம். மேலும் இறங்கினால் தேர்வு எழுதவே இடமில்லை. இவ்வளவும் ஒரே ஆண்டிற்குள் நடந்து முடிகிறது. "பையன் இரண்டாம் வருஷம் நின்னுட்டான்" என்று பெற்றோர் சொல்லும்போது, அவன் நின்றது முதல் வருஷத்துக் கார்த்திகையில்.

இரண்டாவது காரணம் நம் பகுதிக்கே உரியது, சனிக்கிழமைச் சம்பளம்.

காலையில் பனியன் கம்பெனி வேன் வீதி முனைக்கே வந்து ஒலி எழுப்புகிறது. நூற்பாலை வேனும் வருகிறது. காங்கயத்திலுள்ள அரசுக் கல்லூரிக்குச் செல்ல வேண்டிய மாணவரோ உள்ளூரிலிருந்து நெடுஞ்சாலைக்கு வந்து, சுமார் 20 கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டும். 2021 மே மாதம் முதல் பெண்கள் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லலாம் என்ற நிலை வந்தது பெரிய உதவியே. ஆனால் அந்த நகரப் பேருந்து வகுப்பு நேரத்திற்கு வருகிறதா என்பது ஒவ்வோர் ஊரும் தனித்தனியே கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. வீட்டு வாசலுக்கு வேலை வருகிறது. படிப்பைத் தேடி நாம் போக வேண்டியிருக்கிறது. கைமடிக்கச் சென்ற பையன் சில மாதங்களில் ஓவர்லாக் பழகிக்கொள்கிறான். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வாரக் கடைசியில் கையில் பணம். அவனோடு பிளஸ் 2 முடித்துக் கல்லூரியில் சேர்ந்தவன் அதே சனிக்கிழமை தந்தையிடம் பேருந்துச் செலவுக்குக் கை நீட்டுகிறான். பதினெட்டு வயதில் இந்த வேறுபாடு எத்துணைக் கூர்மையாகக் குத்தும் என்பதை மூத்தவர்கள் மறந்துவிடலாகாது.

சென்ற ஆண்டு ஒரு சங்கத்தின் கணக்கை ஆய்வு செய்து கொண்டிருந்தபோது, விசைத்தறி ஓட்டும் அங்கத்தினர் ஒருவர் தவணை நீட்டிப்புக் கேட்டு வந்தார். கடனைப் பற்றிப் பேசி முடித்தபின் அவர் போகாமல் நின்றார். மகன் மூன்றாம் ஆண்டு பி.காம். என்றும், ஆறு தாள்கள் நிலுவை என்றும், தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாள் முந்தைய வாரம் சென்றுவிட்டதென்றும், பையன் அதைச் சொல்லவே இல்லை என்றும் கூறினார். "எவ்வளவு கட்டணம்?" என்று கேட்டேன். அவர் சொன்ன தொகை, அன்று காலை அதே சங்கத்தில் தேநீருக்கும் எழுதுபொருளுக்கும் ஒரு மாதச் செலவாக நான் தணிக்கை செய்த தொகைக்கு மிகாது. சேர்க்கைக்கு இரண்டு பவுனை அடகு வைத்தவர் அவர். நிலுவைத் தாளுக்கு அந்தச் சிறு தொகையைக் கேட்க மகனுக்கு வாய் வரவில்லை. பையன் அப்போது திருப்பூரில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"போனால் போகிறது, இரண்டரை வருஷம் படித்தது வீணா போகுமா?" என்று அவர் என்னைக் கேட்டார். வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் என் துறையின் நியமன விதி என்ன சொல்கிறது? கூட்டுறவு வங்கிகளில் உதவியாளர் பதவிக்குப் பட்டமும் கூட்டுறவுப் பயிற்சியும் வேண்டும். நியாயவிலைக் கடை விற்பனையாளருக்குப் பிளஸ் 2 போதும். கட்டுநருக்குப் பத்தாம் வகுப்பு. இரண்டுக்கும் இடையில் "பட்டப் படிப்பில் இரண்டரை ஆண்டு" என்று ஒரு தகுதி எந்த விதியிலும் இல்லை. ஆறு தாள் நிலுவையுடன் நிற்பவர் விதியின் கண்ணுக்குப் பிளஸ் 2 தேறியவரே. மூன்றாண்டுக் காலமும், இரண்டு பவுனின் வட்டியும், அரசு செலவிட்ட பணமும் அந்த ஆறு தாளில் அடங்கிக் கிடக்கின்றன.

புதிய தேசியக் கல்விக் கொள்கை (2020) ஓராண்டு முடித்தோர்க்குச் சான்றிதழும், ஈராண்டு முடித்தோர்க்குப் பட்டயமும் கொடுத்து வெளியேற வழி செய்கிறது. வெறுங்கையோடு போவதினும் ஏதேனும் ஒன்றோடு போவது நலம் என்பது அதன் வாதம். தமிழக அரசு இக்கொள்கையை ஏற்கவில்லை. அரசியல் எவ்வாறாயினும், வேன் வாசலில் நிற்கும் ஊரில் இடையில் ஒரு கதவைத் திறந்து வைத்தால் யார் அதன் வழியே முதலில் வெளியேறுவார் என்பதை யோசித்தல் வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளை வெளியேறமாட்டார்.

பட்டம் பெற்றவரும் பனியன் கம்பெனிக்குத்தானே போகிறார் என்று பொதுக்குழுக்களில் கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி. பட்டம் பெற்ற அனைவர்க்கும் அலுவலக நாற்காலி காத்திருக்கிறது என்று சொன்னால் அது பொய்யாகும். ஆயினும் அதே கம்பெனியில் கணக்கு எழுதுபவரும், வெளிநாட்டு ஆர்டர்களைப் பின்தொடரும் மெர்ச்சண்டைசரும் பெரும்பாலும் பட்டதாரிகள். டேபிளில் தைப்பவர் நாற்பது வயதில் கண்ணும் முதுகும் தளர்ந்தபின் எந்த வேலைக்கு மாறுவார் என்ற கேள்வியையும் உடன் கேட்க வேண்டும். கல்லூரியே வேண்டாமென்று முதலிலேயே தொழிற்பயிற்சி நிலையத்திற்கோ தறிக்கோ போகிறவரைப் பற்றி எனக்குக் குறையில்லை. தொடங்கிய பின்னர், சிறு தொகைக்கும் சிறு வெட்கத்திற்கும் தோற்று நிற்பவரைப் பற்றியே இக்கட்டுரை.

பெண்கள் விஷயத்தில் ஒன்று சொல்லாமல் விட இயலாது. நம் பகுதி நூற்பாலைகள் சிலவற்றில் முன்னர் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று நடந்தது. இளம்பெண்கள் விடுதியில் தங்கி மூன்றாண்டு வேலை செய்தால் முடிவில் திருமணச் செலவிற்கு ஒரு தொகை என்பது ஏற்பாடு. இடையில் உடல்நலம் குன்றி வெளியேறியோர்க்கு அத்தொகை கிட்டவில்லை என்ற குறைபாடு பலமாக எழுந்தது. கூலியைப் பிடித்து வைத்து ஆளை நிறுத்தும் அந்த முறையைக் கண்டிக்க வேண்டும். அதே மூன்று ஆண்டுதான் ஒரு பட்டப் படிப்பிற்கும். ஒரு பெண்ணை மூன்றாண்டு ஓரிடத்தில் இருத்த என்ன வேண்டும் என்று ஆலை முதலாளிகள் கணக்கிட்டிருந்தனர்: விடுதி, உணவு, வண்டி, மேற்பார்வை, முடிவில் ஒரு பயன். கல்விக்காக அக்கணக்கைப் போட்டவர் அன்று குறைவு. மாதம் 1,000 ரூபாய் என்பது அக்கணக்கின் ஒரு வரி மட்டுமே.

மீதி வரிகளையும் சேர்த்துப் போட்டவர்கள் அயல்நாட்டில் உண்டு. நியூயார்க் நகரப் பல்கலைக் கழகம் தன் ஈராண்டுக் கல்லூரிகளில் 2007-ஆம் ஆண்டு ஒரு திட்டம் தொடங்கியது. வறிய மாணவர்க்குக் கட்டணக் குறை நிரப்பல், பாடநூல், நகரப் போக்குவரத்துச் சீட்டு, அடிக்கடி சந்தித்தே தீர வேண்டிய ஓர் ஆலோசகர் ஆகியவற்றை ஒருங்கே அளித்தார்கள். சீட்டுக் குலுக்கியதுபோல் மாணவரை இரு பிரிவாக்கி ஒப்பிட்டபோது, மூன்றாண்டில் பட்டயம் முடித்தோர் திட்டத்திலிருந்த பிரிவில் நூற்றுக்கு 40, இல்லாத பிரிவில் 22. ஏறத்தாழ இரு மடங்கு. இதில் என்னைக் கவர்ந்தது பேருந்துச் சீட்டு. அமெரிக்காவிலும் மாணவரை நிறுத்துவது பேருந்துக் காசுதான் போலும்!

அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா அரசுப் பல்கலைக் கழகத்தின் முறை நம் சங்கங்களுக்கு இன்னும் நெருங்கியது. சில நூறு டாலர் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படும் மாணவர், பெரும்பாலும் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர் என்பதை அங்குக் கண்டனர். 2011 முதல், மனு எழுதி வரக் காத்திராமல், பேரேட்டைப் பார்த்துத் தாங்களே அந்தப் பாக்கியைச் செலுத்தினர். அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண்ணையும் பதிவையும் நாள்தோறும் கணிப்பொறி கவனித்து, எண்ணூறுக்கு மேற்பட்ட அறிகுறிகளில் ஏதேனும் ஒன்று தோன்றினால் ஆலோசகருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு வந்தது. 2003-இல் ஆறாண்டுக்குள் பட்டம் பெற்றோர் அங்கு நூற்றுக்கு 32. பிற்காலத்தில் அது 50-ஐத் தாண்டியது. முதல் தவணை தவறியதும் வீட்டுக்குப் போகும் நம் பழைய சங்கச் செயலாளரின் வேலைதான் இது. அவர் கணிப்பொறி இல்லாமல் செய்தார்.

இனி நம் சங்கங்கள் செய்யக்கூடியது என்ன? பெருந்திட்டம் ஒன்றும் வேண்டுவதில்லை. கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியல் தயாரிக்காத சங்கம் நம்மில் இல்லை. அங்கத்தினர் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அதேபோல் ஒரு பட்டியல் எழுதட்டும்: பெயர், கல்லூரி, சேர்ந்த ஆண்டு, இந்தப் பருவம் எழுத வேண்டிய தாள், தேறிய தாள், நின்ற தாள். பெற்றோர் இசைவுடன் எழுத வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டக் கூடாது. வெட்கம்தான் நோய் என்று மேலே சொன்னோம். அதை நாமே வளர்க்கலாகாது. நிர்வாகக் குழு ஆண்டுக்கு இருமுறை, தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளுக்கு முன்னரே இப்பட்டியலைப் பார்க்க வேண்டும். பின்னர்ப் பார்ப்பதில் பயனில்லை.

பணத்திற்கு வழி உண்டு. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி, இலாபத்தில் இயங்கும் சங்கம் தன் நிகர இலாபத்திலிருந்து பொது நல நிதிக்கு ஒரு பகுதி ஒதுக்க இடமிருக்கிறது. துணை விதிகளுக்கு உட்பட்டு, பொதுக்குழுவின் ஒப்புதலோடு அதைப் பயன்படுத்துவது பற்றிச் சரகத் துணைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டறியலாம். கைத்தறிச் சங்கங்களில் 1975 முதல் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டம் நடைபெற்று வந்திருக்கிறது. நெய்த கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடித்துச் சேர்ப்பது நெசவாளர்க்குப் பழகிய வழக்கம். அதுபோல் தேர்வுக் கட்டணத்திற்கென்று மாதம் ஒரு சிறு தொகையைத் தனிச் சேமிப்பாக எழுதி வைத்தால், கடைசி நாளன்று எவரிடமும் கை நீட்ட வேண்டியிராது.

ஆங்கிலப் பாடத்திற்கு ஒரு வழி என் நண்பர்களான சங்க ஊழியர்களிடமே இருக்கிறது. நம் செயலாளர்களில் பலர் பி.காம். படித்தவர்கள். பற்று வரவின் ஆங்கிலப் பெயர்களை நாள்தோறும் எழுதுபவர்கள். முதலாண்டு மாணவர் பத்துப் பேரை ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் சங்கக் கட்டிடத்தில் உட்கார வைத்து, சங்கத்தின் பழைய பேரேட்டையே பாடநூலாகக் கொண்டு சொல்லிக் கொடுக்கலாம். ஐப்பசிக்குள் தொடங்கினால் முதற் பருவத் தேர்வுக்கு உதவும்.

பேருந்து நேரத்தைப் பற்றித் தனி ஒரு பெற்றோர் மனுக் கொடுத்தால் பதில் வருவது அரிது. முந்நூறு அங்கத்தினர் கொண்ட சங்கம் தீர்மானம் நிறைவேற்றிப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கும் கல்லூரி முதல்வருக்கும் அனுப்பினால் படிக்காமல் இருக்க மாட்டார்கள். கம்பெனி வேலையையும் ஒரேயடியாக விலக்க வேண்டுவதில்லை. ஞாயிறும் விடுமுறையும் தறியில் உதவுவது நம் குடும்பங்களில் வழக்கந்தான். தேர்வுக்கு முந்தைய ஒரு மாதம் மட்டும் பிள்ளையைத் தறிப்பக்கம் அழைப்பதில்லை என்று தந்தை முடிவு செய்துகொண்டால், அந்த மாதக் கூலி நட்டத்தைக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே நின்றுவிட்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலுவைத் தாளோடு வெளியேறியவர்க்குப் படிப்புக் காலத்திற்குப் பின்னும் சில ஆண்டுகள் எழுத இடமுண்டு. அக்காலம் கடந்தோர்க்குப் பல்கலைக் கழகங்கள் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அளிப்பதுண்டு. அண்ணா பல்கலைக் கழகம் 2021-இல் அறிவித்தபோது ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் படித்தவர்களும் எழுதலாம் என்றிருந்தது. முதலிலிருந்து தொடங்க விரும்புவோர்க்கு 2002-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகம் இருக்கிறது; வேலை பார்த்துக்கொண்டே தமிழ் வழியில் பயிலலாம்.

மேலே சொன்ன அங்கத்தினரின் மகன் மறு பருவத்தில் கட்டணம் கட்டினான். ஆறில் நான்கு தேறினான். மீதி இரண்டு சித்திரையில் எழுத வேண்டும். இரண்டும் ஆங்கிலத் தாள்கள். இத்தகைய நிலையிலுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சங்க அலுவலகத்திற்கு வரும்போது, இதுவரை பெற்ற மதிப்பெண் பட்டியல்கள் எல்லாவற்றையும் கையோடு எடுத்து வர வேண்டுகிறேன். எந்தத் தாள், எந்தப் பாடத்திட்ட ஆண்டு என்பது அதில்தான் இருக்கும். அது தெரியாமல் விண்ணப்பம் நிரப்ப முடியாது.